பொடிக்கொம்பன் கரையேறிய கதை

இல்லை, இருந்தது, கண்டிப்பாக இருந்தது, பாலத்துக்கு அடியிலிருந்து பொடிக்கொம்பன் சொட்டச் சொட்ட நனைந்து கரையேறி வந்தான், வரிசையாக மூன்று தும்மல் போட்டான், தனக்காக அழுதுகொண்டு நின்ற அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'எனக்குச் சாப்பாடு எடுத்து வெச்சிருக்கீங்களா, இல்ல துக்கத்துல அதையும் தின்னு தீர்த்துட்டீங்களா?' என்று கேட்டான்... அதை இந்த எழுத்தாளன் தன் காதால் கேட்டிருக்கிறான். காதால். அங்கேதான் உதைக்கிறது. புத்தகத்தைக் கண்ணால் படித்தவன் சாட்சி சொல்லலாம், காதால் கேட்டவன் சாட்சி எந்தக் கோர்ட்டில் எடுபடும்? பேருந்து நிலையத்தின் மூன்றாவது நடைமேடையில், ஒரு பட்டை கழன்றுபோன இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் இருந்த பையை நாலாவது தடவையாகத் திறந்து, அச்சுக்குப் போகவிருக்கும் தன் புத்தகத்தின் சரிபார்ப்புப் படியில் அறுபத்தொன்றாம் பக்கத்தை நாலாவது தடவையாகப் பார்த்தான். ஓரத்தில் சிவப்பு மையில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. 'பொடிக்கொம்பன் ஆறாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்திலேயே இறந்துவிட்டான். முதல் பதிப்பிலிருந்து பதினான்காம் பதிப்பு வரை பார்த்துவிட்டேன். தாங்கள் படித்த பதிப்பு எது?' எழுதியவர் சரிபார்க்கும் அம்மாள், பதிப்பகத்தில் எல்லோரும் வைத்திருக்கிற பெயர் பூதக்கண்ணாடி. முதலிலேயே பார்த்திருப்பார், கண்புரை அறுவைக்காக இரண்டு மாதம் விடுப்பில் போய்விட்டார், திரும்பி வந்து புதுக் கண்ணால் பார்த்த முதல் காரியமே இது. தாங்கள் படித்த பதிப்பு எது... எவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கிறார், செருப்பைப் பட்டுத்துணியில் சுற்றி அடிப்பது இதுதான் போலிருக்கிறது.

'பயணிகள் கவனிக்கவும், பதினேழாம் எண் வண்டி இரண்டாவது நடைமேடையிலிருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும்.' தலைக்கு மேலே ஒலிபெருக்கி பேசியது, அவன் நிமிரவில்லை, நிமிர்ந்தால் எதிரே கண்ணாடி அறை தெரியும், கண்ணாடி அறைக்குள் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி தெரிவாள், அந்தக் கதையை அவனுக்கு வாசித்துக் காட்டிய அக்கா, அவன் மூன்று வருஷமாகப் பேசாத அக்கா. இருபத்திரண்டு வருஷமாக இதே அறை, இதே மைக், டைம் கீப்பர் ஜன்னல் வழியாக நீட்டுகிற சீட்டை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படிக்கிற வேலை. 'இன்னும் சிறிது நேரத்தில்' என்றால் அக்கா கணக்கில் அரைமணி. 'சற்றுத் தாமதமாக' என்றால் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரலாம். அந்த டைம் கீப்பர் ஒருமுறை அவனிடமே குறைப்பட்டுக்கொண்டார், 'உங்கக்கா கிட்ட டயர் வெடிச்சுதுன்னு எழுதிக் குடுத்தா வண்டி கொஞ்சம் ஓய்வெடுக்குதுன்னு படிக்கிறாங்க சார், நான் என்ன பண்றது?' அன்றைக்கு அவன் வயிறு வலிக்கச் சிரித்தான். இப்போது சிரிப்பு வரவில்லை. பேசாமல் எழுந்து போய்விடலாமா? ஒரு போன் செய்து கேட்டால் போதாதா, எதற்கு நேரில்? மூன்று வருஷம் எட்டிப் பார்க்காதவன் தன் காரியம் என்றதும் ஓடி வந்துவிட்டான் பார் என்று நினைக்கமாட்டாளா... நினைக்கட்டும், உண்மைதானே.

எட்டும் எனக்கு மனப்பாடம் சார். அப்படித்தான் சொன்னான், போன வருஷம், பதிப்பாளர் அறையில், குளிர்சாதனத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு. மேல்மழை நாட்டுக் கதைகள் என்றால் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு உயிர். அந்த நாட்டில் மழை தரையிலிருந்து வானத்துக்குப் பெய்யும், குடையைக் காலுக்கு அடியில் விரித்துக்கொண்டு நடக்க வேண்டும். நூறு கால் தபால்காரர் ஐம்பது ஜோடி ஷூவுக்கும் முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் கடிதம் பழசாகிவிடும். எட்டுப் புத்தகம் எழுதிவிட்டு அந்த எழுத்தாளர் அம்மாள் கண்ணை மூடினார், அவர் குடும்பத்தார் இத்தனை வருஷம் கழித்து, அதே நாட்டில் ஏழு புதிய சிறுகதை எழுத யாரையாவது தேடலாம் என்று இறங்கி வந்தார்கள். வார இதழ்களில் வாரா வாரம் கொலையும் காதலும் எழுதிப் பிழைக்கிற அவனுக்கு அது லட்டு மாதிரி வந்து விழுந்தது. எட்டும் மனப்பாடம். ஏழு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆறாம் புத்தகத்தை அவன் தொட்டதே இல்லை, ஒன்பது வயதில் கேட்டதோடு சரி. பெரியவனானதும் எட்டையும் வாங்கி அடுக்கினான், வரிசையாகப் படித்தான், ஆறு வரும்போதெல்லாம் 'இதுதான் வார்த்தைக்கு வார்த்தை தெரியுமே' என்று தாண்டி ஏழுக்குப் போனான். ஏழாம் புத்தகத்தில் பொடிக்கொம்பன் ஏன் தலைகாட்டவில்லை என்று ஒரு தடவையாவது யோசித்தானா? எட்டாவதிலும் இல்லையே? அத்தனை தும்மல் போட்டானே, ஜலதோஷம் பிடித்து வீட்டில் படுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான்... நாற்பத்தாறு வயது மனுஷன், நாலு பேர் மதிக்கிற எழுத்தாளன், ஒரு பாத்திரம் இரண்டு புத்தகமாகக் காணோம் என்றால் ஜலதோஷம்!

நேற்று மாலைதான் படித்தான். அலமாரி முன்னால் நின்றபடியே, கடைசி அத்தியாயத்தை மட்டும். தூங்குமூஞ்சிப் பாலம், அடியில் யாராவது நின்று மணியடித்துக்கொண்டே இருந்தால்தான் விழித்திருக்கும், மணி நின்றால் கண் அசந்து அப்படியே மடிந்துவிடும். எல்லோரும் அக்கரை போகும்வரை பொடிக்கொம்பன் அடியில் நின்று மணியடிக்கிறான், கட்டைவிரல் அளவு உடம்பு, ஒற்றைக் கொம்பில் கட்டிய மணி, தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலிக்கிறது. கடைசி ஆள் கரை ஏறியதும்... 'மணி நின்றது. பாலம் தூங்கியது.' அவ்வளவுதான், அதோடு புத்தகம் முடிகிறது. கீழே வெள்ளைத் தாள். கரையேறவில்லை, தும்மவில்லை, சாப்பாடு கேட்கவில்லை. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றான், கண் கலங்கியது, முப்பத்தேழு வருஷம் தாமதமாக ஒரு இழவுக்குப் போனவன் மாதிரி யாரிடம் துக்கம் கேட்பது என்று தெரியவில்லை, உள்ளே மனைவி யாரோடோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

சரி, அதோடு பதிப்பாளருக்குப் போன் போட்டு, 'சார், தப்பு நடந்துபோச்சு, எனக்கு அவன் செத்ததே தெரியாது' என்று சொல்லியிருந்தால் நாக்கு அழுகிவிடுமா? காலையில் அவரே கூப்பிட்டாரே, நல்ல சந்தர்ப்பம். ஆனால் அவர் எடுத்த எடுப்பிலேயே, 'சார், பூதக்கண்ணாடிம்மா கெடக்கிறாங்க, விடுங்க! செத்தவனைத் திருப்பிக் கொண்டுவந்தீங்க பாருங்க, மூணாவது கதையில, அங்கதான் சார் நீங்க நிக்கிறீங்க. அந்த எழுத்தாளரம்மாவோட பேரன் படிச்சுட்டு அழுதாராம். பாட்டி இதை எழுதாமப் போயிட்டாங்களேன்னு நினைச்சேன், இவர் எழுதிட்டாருன்னாராம். எப்படி சார் தோணுச்சு?' என்றார். எப்படித் தோன்றியது. தோன்றினால் அல்லவா சொல்வதற்கு. 'அது... ஒரு நாள் சாயங்காலம் நடந்து போய்க்கிட்டிருந்தப்ப...' என்று வாய் தானாக ஆரம்பித்தது, பொய் சொல்ல வாய்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, வாரா வாரம் அதுதானே பிழைப்பு. 'அதையே ஒரு பக்கம் முன்னுரையா எழுதிக் குடுத்துடுங்க, நாலு மணிக்கு மெஷின்ல ஏறுது' என்றார் அவர். இருபது நிமிஷத்தில் எழுதி அனுப்பினான். 'அந்தி வெயிலில் ஒரு பாலத்தைக் கடந்தபோது, அதன் அடியிலிருந்து ஒரு மணியோசை கேட்டது போல் எனக்குத் தோன்றியது.' என்ன அழகான வரி. என்ன பச்சைப் பொய். அவன் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் சுற்றளவில் பாலமே கிடையாது. 'பிரமாதம், சரின்னு ஒரு வார்த்தை அனுப்புங்க, ஏத்திடறேன்' என்று பதில் வந்து மூன்று மணிநேரம் ஆகிறது. அந்தச் 'சரி'தான் போகமாட்டேன் என்கிறது, கட்டைவிரல் எழுத்துக்கு மேலே நின்று நின்று மரத்துவிட்டது.

யார் கொடுத்த மணியோசை அது? பந்து வந்து கண்ணில் அடித்த வருஷம். அப்பா வேறு ஊருக்கு வேலைக்கென்று போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, அம்மா தையல் ஆலையில் இரண்டு ஷிஃப்ட். புருவத்தோடு சேர்த்துத் தையல் போட்டு, ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும் என்று இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டுவிட்டார்கள், இருபத்தொரு நாள். ஒன்பது வயதுப் பையனுக்கு இருபத்தொரு நாள் இருட்டு என்றால் சும்மாவா... பதினாறு வயது அக்காதான் பக்கத்தில். குழாய்த் தண்ணீர் பிடிக்கிற சத்தம், அவள் வளையல் சத்தம், நூலகப் புத்தகத்தின் பழைய அட்டை வாசனை, பக்கம் திரும்புகிற சத்தம், பிறகு அவள் குரல். நூறு கால் தபால்காரருக்கு மூச்சு வாங்கும், ராணிக்கு மூக்கால் பேசும், பொடிக்கொம்பனுக்குக் கிறீச்சென்று ஒரு குரல். கட்டு அவிழ்த்த பிறகு உலகம் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்த நாட்களில்தான் அப்பாவின் கடிதங்களும் வந்தன, மூன்று கடிதம். அக்காதான் படித்தாள், காகிதம் சரசரக்கும், தொண்டையைக் கனைத்துக்கொள்வாள், 'சின்னவன் கண்ணைப் பற்றியே நினைப்பாக இருக்கிறது. கட்டு அவிழ்த்ததும் அவன் பார்க்கிற முதல் வண்டியில் நான் வந்து இறங்குவேன். அதுவரை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.' கட்டு அவிழ்த்தார்கள். அப்பா வரவில்லை. அதன் பிறகு கடிதமும் வரவில்லை. அக்கா சூடாக ஏதோ பதில் எழுதிப்போட்டு அவர் மனத்தை முறித்துவிட்டாள் என்றே இத்தனை காலம் நம்பினான். அவளுக்கு அப்பா பேரைச் சொன்னாலே முகம் கல்லாகிவிடுமே, வேறு எப்படி நினைப்பது?

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா போனார். கடைசி இரண்டு நாள் அவன் பக்கத்தில் இருந்தான், அவருடைய இன்னொரு குடும்பம் கட்டிலைச் சுற்றி நிற்க, நடுவில் விருந்தாளி மாதிரி. அப்பா அவனை வெகுநேரம் உற்றுப் பார்த்தார், 'புருவத்துல என்னப்பா தழும்பு?' என்று கேட்டார். வயசாகிவிட்டது, மறதி, கடிதம் கடிதமாக விசாரித்தவருக்கு அந்தக் கண்ணே மறந்துபோய்விட்டது என்று அவனுக்கு அழுகை முட்டியது. அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போய், அந்தக் கடிதங்களைக் கொடு என்றான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்காமல், 'எரிச்சுட்டேன்' என்றாள். எரித்துவிட்டாயா? அப்பாவின் கையெழுத்தை? அன்றைக்கு அவன் பேசியதை எல்லாம் இப்போது நினைத்தால் காது கூசுகிறது. ஈரமே இல்லாதவள் என்றான். கல்நெஞ்சுக்காரி என்றான், இன்றோடு எனக்கு அக்கா கிடையாது என்றான், தொடர்கதையில் வில்லனுக்கு எழுதுகிற வசனத்தை எல்லாம் எடுத்து அவள் தலையில் கொட்டினான். அவள் நறுக்கி முடித்துக் கத்தியைக் கழுவி வைத்தாள். அவன் வீட்டுக்கு வந்து, நினைவில் இருந்ததை வைத்தே 'அப்பாவின் மூன்று கடிதங்கள்' என்று ஒரு வாரப் பத்திரிகையில் எழுதினான், ஊரே அழுதது, இருநூறுக்கு மேல் வாசகர் கடிதம்.

'டேய்.'

திடுக்கிட்டு நிமிர்ந்தான். தோளில் சாப்பாட்டுப் பை, மூக்கு நுனியில் கண்ணாடி, முன்தலையில் புதிதாக ஒரு கை நரை. மூன்று வருஷம் பார்க்காததைப் போல இல்லை, மூன்று நிமிஷம் முன்னால் கடைக்குப் போனவனை வாசலில் பார்த்தது போல நின்றாள்.

'வந்து எவ்வளவு நேரமாச்சு?'

'இப்பதான்க்கா.'

'பொய். ரெண்டரைக்கே உன் வழுக்கை கண்ணாடி வழியா மின்னுச்சு. யாரோ பெரிய மனுஷன் ஆடிட்டுக்கு வந்திருக்காருன்னு நிமிர்ந்து உக்காந்தேன். சாப்பிட்டியா?'

'ம்.'

'இது ரெண்டாவது பொய். வா, டீயாவது குடி.'

டீக்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'தம்பியாக்கா? மூக்கு அச்சு அசல்!' என்றார். 'மூக்கு மட்டும்தான் நம்ம வீட்டுது, கோபம் எல்லாம் வெளியூர் சரக்கு' என்றாள் அக்கா, கண்ணாடித் தம்ளரைப் புடவைத் தலைப்பால் பிடித்து அவன் கையில் கொடுத்துக்கொண்டே. இதற்கு அவன் சிரிக்க வேண்டுமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா... மூன்று வருஷத்துக்கு இந்த ஒரு குத்தல்தானா, இன்னும் இருக்கிறதா? தொண்டையைச் செருமிக்கொண்டான். எத்தனையோ யோசித்து வைத்திருந்த முன்னுரை எல்லாம் டீ ஆவியோடு போயிற்று.

'அக்கா, சின்ன வயசுல எனக்கு ஆறாம் புத்தகம் படிச்சுக் காட்டினியே... பொடிக்கொம்பன்...'

'யாரு, அந்தத் தும்முற கழுதையா?'

'கழுதை இல்லக்கா. ஒத்தைக் கொம்பு.'

'என்ன மிருகமோ. அது செத்துப்போச்சே, பாவம்.'

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், பக்கத்துத் தெருவில் யாரோ வீடு மாற்றிப் போன மாதிரி. 'நீ சாகலைன்னுதானே படிச்ச?' என்றான், குரல் ஒன்பது வயதுக்குப் போய்விட்டது அவனுக்கே கேட்டது.

'பின்ன? டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இல்லையா? கட்டுக்குள்ள அழுதான்னா தையல் பிரிஞ்சுடும், அப்புறம் கண்ணுக்கு நான் பொறுப்பில்லைன்னுட்டார். அம்மா தினம் வேலைக்குக் கெளம்பும்போது என் தாடையைப் புடிச்சு, அவன் கண்ணுல ஒரு சொட்டு வந்துச்சு, உன் தோலை உரிச்சுடுவேன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. நான் பாட்டுக்குப் படிச்சுக்கிட்டே வரேன், பக்கத்தைத் திருப்பினா அந்தச் சனியன் பாலத்துக்கு அடியில மாட்டிக்கிட்டுச் சாகுது! எனக்கே தாங்கலை. மூக்கு உறிஞ்சிட்டேன். என்னக்கா சத்தம்னு நீ கேட்ட. தும்மல்னேன். யாரு தும்மினாங்கன்னு கேட்ட. என்ன பண்றது, பொடிக்கொம்பன்தான்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் அதைக் கரையேத்தித்தானே ஆகணும்?' சிரித்தாள், பல் தெரியச் சிரித்தாள். 'மறுநாளே புத்தகத்தைக் கொண்டுபோய் லைப்ரரில குடுத்துட்டேன், கட்டு அவுத்ததும் எடுத்துப் படிச்சுடுவியோன்னு பயம்.'

அப்படியானால் அந்த மூன்று தும்மல்... அவன் புதிய கதையில் இரண்டு பக்கம் வர்ணித்திருக்கிறானே, மூன்றாவது தும்மலில் ஆற்றங்கரை நாணல் எல்லாம் சாய்ந்தது என்று, பேரன் அழுத இடமே அதுதான் என்றாரே பதிப்பாளர்... அது ஒரு பதினாறு வயதுப் பெண் அழுகையை மூக்குக்குள் இழுத்துக்கொண்ட சத்தம். 'அக்கா, அது அப்படியே என் புத்தகத்துல வருது. நான் எழுதினதுன்னு நினைச்சுப் பாராட்டறாங்க. உன் பேரைப் போட்டுடறேன், முன்னுரையில' என்றான், ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தினால் திரும்பிவிடுவோம் என்ற பயத்தில்.

'வேண்டாம் சாமி! இங்க ஏற்கெனவே எழுதினதை எழுதினபடி படிக்கிறதில்லைன்னு எனக்கு ரெண்டு மெமோ இருக்கு. அச்சுல வேற ஏத்தி ஆதாரத்தைக் கையில குடுக்கப் போறியா? பொய் சொன்னதுக்கெல்லாம் யாராவது பேர் போடுவாங்களா?'

'நிஜமா வேண்டாமா?'

'நீயே வெச்சுக்கோடா. உனக்காகச் சொன்னதுதானே.'

உள்ளே ஏதோ ஒன்று அப்பாடா என்றது. அது அப்பாடா என்றது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது, அடுத்த நொடியே அந்தச் சத்தத்தை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று தெரியாமல் டீயைக் குடித்தான், நாக்கு பொத்துப்போயிற்று. கேட்டாகிவிட்டது, அவளே வேண்டாம் என்றுவிட்டாள், இனி 'சரி' என்று அனுப்பலாம்... இதற்காகத்தானா வந்தாய்? அவள் வேண்டாம் என்று சொல்லுவாள் என்று தெரிந்துதானே கேட்டாய்? 'அக்கா, அன்னைக்கு... லெட்டர் விஷயத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்று ஆரம்பித்தான்.

'டீ ஆறுது பாரு' என்றாள் அவள். பிறகு தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிற போக்கில், 'அப்பா லெட்டரைப் பத்தி நீ எழுதினதைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்த. ஒரு இடம் மட்டும் தப்பு. அவன் பார்க்கிற முதல் வண்டின்னு போட்டிருந்த. அவன் முதல்ல பார்க்கிற வண்டி. அதான் கரெக்ட். மூணே முக்கால் ஆச்சு, டைம் கீப்பர் கத்துவார், இருந்து சாப்பிட்டுட்டுப் போ, அஞ்சு மணிக்கு எனக்கு டியூட்டி முடியுது' என்றாள். கண்ணாடி அறையின் கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான். அவன் முதலில் பார்க்கிற வண்டி. ஆமாம், அப்படித்தான் கேட்ட ஞாபகம், அவள் சொன்னதும் காதில் சரியாக உட்கார்ந்துகொண்டது. பூதக்கண்ணாடியை விடக் கெட்டிக்காரி, என்ன ஒரு நினைவு... எரித்த கடிதம், முப்பத்தேழு வருஷம், ஒரு வார்த்தை முன்னே பின்னே இருந்ததைப் பிடித்துவிட்டாள். போனை எடுத்தான், பாலமும் அந்தி வெயிலும் இருந்த முன்னுரையை அழித்தான், புதிதாக ஒரு வரி அடித்தான். 'எனக்கு ஒன்பது வயதில் இருபத்தொரு நாள் கண்ணைக் கட்டியிருந்தார்கள். அந்த நாட்களில் நான் அழக்கூடாது என்பதற்காக என் அக்கா...' என் அக்கா என்ன செய்தாள்? படிக்கிற எல்லாவற்றையும் மாற்றிப் படித்தாள். எல்லாவற்றையும். கட்டைவிரல் நின்றுவிட்டது. இருபத்தொரு நாளில் அவள் அவனுக்குப் படித்தது ஆறாம் புத்தகம் ஒன்றுதானா? இல்லையே, வேறு ஒன்றும் படித்தாளே... இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாத மனுஷன் அந்த மூன்று வாரத்தில் மட்டும் மூன்று கடிதம் போட்டாரே, கட்டு அவிழ்த்ததும் நிறுத்திக்கொண்டாரே, ஒரு பாத்திரம் காணாமல் போனால் ஜலதோஷம் என்று நினைத்தவனுக்கு இது மட்டும் எப்படித் தோன்றியிருக்கும்? நேரத்துக்குச் சாப்பிடச் சொல்... அப்பா எவரிடமாவது சாப்பிட்டாயா என்று கேட்டு அவன் பார்த்திருக்கிறானா? கட்டிலில் கிடந்தபோது கூட அவர் கேட்டது பேப்பர், தண்ணீர், பிறகு அந்தக் கேள்வி. புருவத்தில் என்னப்பா தழும்பு. மறதி என்றல்லவா நினைத்தான். மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டாமா? எழுத்தாளன் அல்லவா நீ, ஒரு பத்தியைப் படித்தால் யார் எழுதியது என்று நடையை வைத்துச் சொல்கிறவன் அல்லவா, கரையேறியதும் சாப்பாடு கேட்ட பொடிக்கொம்பனும் கடைசி வரியில் சாப்பாட்டை விசாரித்த அப்பாவும் ஒரே கை என்று உனக்குத் தெரியவில்லையா... அவன் எந்தக் கையெழுத்தைப் பார்த்தான்? காகிதம் சரசரத்தது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். பால் கணக்குத் தாளாக இருக்கலாம். வெள்ளைத் தாளாக இருக்கலாம். எரித்துவிட்டேன் என்றாளே, எரிப்பதற்கு ஏதாவது இருந்ததா? கல்நெஞ்சுக்காரி என்றபோது, 'போடா மடையா, அதை எழுதினதே நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பக்கம் முழுக்க ஜெயித்திருக்கும். ஏன் சொல்லவில்லை? இருபத்தொரு நாள் முடிந்துவிட்டது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லையா?

எழுந்துவிட்டான். கேட்டுவிட வேண்டும், இப்போதே, கதவைத் தட்டி, அக்கா, அந்த லெட்டர்... நாலே எட்டில் கண்ணாடி அறை. உள்ளே டைம் கீப்பரின் கை ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டியது, அக்கா வாங்கினாள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். இங்கிருந்து பார்த்தால் எழுத்து தெரிகிறது, பெரிய சிவப்பு எழுத்து. '4.00 ரத்து. அடுத்து 5.10.' அவள் சீட்டைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து மூன்றாவது நடைமேடையைப் பார்த்தாள், மூட்டை முடிச்சோடு நிற்கிற கூட்டம், தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்கிற ஒரு பெண். கையில் போன் நடுங்கியது, பதிப்பாளர், திரையில் மணி மூன்று ஐம்பத்தெட்டு. ஒலிபெருக்கியில் முதலில் காகிதம் சரசரத்தது. தொண்டையைக் கனைக்கிற சத்தம்.

'பயணிகள் கவனிக்கவும். நான்கு மணி வண்டிக்காகக் காத்திருப்பவர்களை அழைத்துச் செல்ல, ஐந்து பத்துக்கு ஒரு வண்டி வருகிறது. அதுவரை ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.'

கூட்டம் முணுமுணுத்தது, ஆனால் யாரும் கோபப்படவில்லை, அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தாள். கதவைத் தட்ட ஓங்கிய விரல் முட்டி அந்தரத்தில் அப்படியே நின்றது. கேட்டால் என்ன சொல்வாள்? டீ ஆறுது என்பாள். அல்லது, அப்பாதான்டா எழுதினார், என் கண்ணால் பார்த்துப் படித்தேன் என்பாள், அவள் சொன்னால் அவன் நம்பிவிடுவான், அதுதான் பயமாக இருந்தது. போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. தாங்கள் படித்த பதிப்பு எது... புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றான், கண் கலங்கியிருந்தது, அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் துடைத்துவிட வேண்டும்.